கிராம் சாயமேற்றும் முறை: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பாக்டீரியாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் ஒருவர் ஆய்வகத்தில் முதலில் தம் கையால் செய்து பழக வேண்டிய சோதனை எது என்று கேட்டால், தயங்காமல் கிராம் சாயமேற்றத்தையே சொல்வேன். நான்கு திரவங்களும் ஒரு கண்ணாடித் தகடும் ஒரு நல்ல நுண்ணோக்கியும் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சோதனை, கண்முன் உள்ள பாக்டீரியாவின் செல் சுவர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. எந்த வகை மருந்து அதன்மேல் வேலை செய்யக்கூடும் என்பதையும் ஓரளவுக்கு முன்கூட்டியே உணர்த்துகிறது. ஆனால், தவறாகச் செய்த தகட்டிலும் நிறம் அழகாகவும் தெளிவாகவுமே தெரியும் என்பதால், நிறத்தை மட்டும் பார்த்து அது உண்மையான முடிவா, கைப்பிழையின் விளைவா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் செய்யும் வரிசையோடு, கிடைத்த முடிவை எப்போது நம்பலாம் என்பதையும் சேர்த்தே இங்கே விளக்குகிறேன்.

இந்த முறையை டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லினில் நோயியல் அறிஞர் கார்ல் ஃபிரீட்லெண்டருடன் பணியாற்றிய காலத்தில் உருவாக்கி 1884-இல் வெளியிட்டார். பாக்டீரியாவை இரு பிரிவுகளாகப் பிரிப்பது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவை மட்டும் தனித்துத் தெரியும்படி செய்யவே அவர் முயன்றார். சில பாக்டீரியாக்கள் சாயத்தைத் தக்கவைத்துக்கொள்ளாமல் இழந்துவிட்டது அவருக்கு ஒரு குறையாகவே பட்டது. முறை இன்னும் செம்மையாகவில்லை என்று தம் கட்டுரையிலேயே எழுதினார். அவர் குறை என்று கருதிய அந்த வேறுபாடே பிற்பாடு பாக்டீரியாவியலின் அடிப்படைப் பிரிவாக நிலைபெற்றது.

ஏன் இரண்டு நிறங்கள்?

செய்முறைக்குள் போகுமுன் இதைப் புரிந்துகொள்வது அவசியம். காரணம் தெரியாமல் நொடிகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்களால், முடிவு பிசகும்போது எங்கே பிசகியது என்று கண்டறிய முடிவதில்லை.

பெரும்பாலான பாக்டீரியாக்களின் செல் சுவரில் பெப்டிடோகிளைக்கான் என்னும் வலைப்பின்னல் போன்ற பொருள் இருக்கிறது. முதற்சாயத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் கிராம் நேர் பாக்டீரியாக்களில் இது பல அடுக்குகளாக, ஏறத்தாழ 20 முதல் 80 நானோமீட்டர் வரை தடித்திருக்கும். அதை இழந்துவிடும் கிராம் எதிர் பாக்டீரியாக்களில் சில நானோமீட்டர் அளவே உள்ள மெல்லிய அடுக்காக இருக்கும். ஆனால் அதற்கு வெளியே, கொழுப்பும் சர்க்கரைக் கூறுகளும் சேர்ந்த லிப்போபாலிசாக்கரைடைக் கொண்ட ஒரு வெளிச்சவ்வும் கூடுதலாக உண்டு.

முதலில் இடும் கிரிஸ்டல் வயலட் சாயம் இரு வகை செல்களுக்குள்ளும் புகுந்துவிடும். அடுத்து இடும் அயோடின் அந்தச் சாயத்தோடு இணைந்து, எளிதில் வெளியேற முடியாத பெரிய கூட்டுப்பொருளாக மாறுகிறது. இதனால்தான் அயோடினை நிறமூன்றி என்கிறோம். பிறகு ஆல்கஹால் ஊற்றும்போது தடித்த சுவரிலிருந்து நீர் வெளியேறி, அதன் நுண்துளைகள் சுருங்கி, சாயம் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கிராம் எதிர் செல்லிலோ ஆல்கஹால் வெளிச்சவ்வின் கொழுப்பைக் கரைத்துவிடுகிறது. மெல்லிய சுவரால் சாயத்தைத் தடுத்து நிறுத்த முடியாமல் அது வெளியேறிவிட, செல் நிறமற்றதாகிறது. நிறமற்ற செல் நுண்ணோக்கியில் சரியாகத் தெரியாது என்பதால், இறுதியில் சாஃப்ரனின் என்னும் சிவப்புச் சாயத்தை இடுகிறோம். கிராம் நேர் செல்கள் ஊதாவாகவும், கிராம் எதிர் செல்கள் இளஞ்சிவப்பாகவும் தெரிவது இவ்வாறுதான்.

தொடங்குமுன்

இந்தச் சோதனையை ஆசிரியர் அல்லது பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில், ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டும். பயிற்சிக்கு, நோய் உண்டாக்காதவை என்று நன்கு அறியப்பட்ட பேசிலஸ் சப்டிலிஸ் (கிராம் நேர்), எஷ்செரிக்கியா கோலி கே-12 (கிராம் எதிர்) ஆகியவையே போதும். எங்கிருந்தோ எடுத்த அறியாத பாக்டீரியாவை வீட்டில் வளர்த்துப் பார்ப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வளர் ஊடகத்தில் எது பெருகுகிறது என்று வெறுங்கண்ணால் அறிய முடியாது.

சாயங்கள் கையிலும் துணியிலும் பட்டால் எளிதில் போகாது. ஆகவே கையுறையும் ஆய்வக அங்கியும் தேவை. ஆல்கஹாலும் அசிட்டோனும் தீப்பற்றக்கூடியவை என்பதால், சுடரை அணைத்த பிறகே அவற்றின் புட்டியைத் திறக்க வேண்டும்.

வளர்ப்பின் வயதையும் பாருங்கள். 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வளர்ந்த புதிய வளர்ப்பையே பயன்படுத்த வேண்டும். வயதான கிராம் நேர் செல்களின் சுவர் சிதையத் தொடங்கிவிடுவதால் அவை சாயத்தை இழந்து, இளஞ்சிவப்பாகத் தோன்றி ஏமாற்றும். பேசிலஸ் இனங்களில் இது மிகவும் எளிதாக நேரும் என்பதால், அவற்றுக்கு இன்னும் இளைய வளர்ப்பே நல்லது.

படி 1: பூச்சு தயாரித்தல்

சுத்தமான, எண்ணெய்ப் பசையற்ற கண்ணாடித் தகட்டின் நடுவில் ஒரு சிறு துளி நீரை இடுங்கள். சுடரில் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்த கம்பி வளையத்தால் காலனியை (வளர் ஊடகத்தின்மேல் பாக்டீரியா பெருகித் திரண்ட சிறு திட்டை) இலேசாகத் தொட்டு, அந்தத் துளியில் கலந்து, மெல்லியதாகப் பரப்புங்கள். தொடக்கநிலையினர் பெரும்பாலும் காலனியை அள்ளிவிடுகிறார்கள், அது வேண்டாம். உலர்ந்த பின் பூச்சு கண்ணுக்கு மங்கலான வெண்படலமாக மட்டுமே தெரிய வேண்டும். தடித்திருந்தால் ஆல்கஹால் எல்லாச் செல்களையும் சமமாகச் சென்றடையாது, ஒரே வகை பாக்டீரியா இரண்டு நிறத்திலும் தெரியும்.

படி 2: உலர்த்திப் பதித்தல்

பூச்சு காற்றில் தானாக முழுவதும் உலரட்டும். ஈரம் இருக்கும்போதே சூடாக்கினால் செல்கள் வெந்து உருக்குலைந்துவிடும். உலர்ந்த தகட்டைப் பூச்சுள்ள பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, சுடரின் மேலாக இரண்டு மூன்று முறை விரைவாகக் கடத்துங்கள். தகட்டின் அடிப்பக்கத்தைப் புறங்கையில் வைத்தால் பொறுத்துக்கொள்ளக்கூடிய சூடே இருக்க வேண்டும். சுடருக்குப் பதிலாக மெத்தனாலை ஊற்றி உலரவிட்டும் பதிக்கலாம். செல்களின் உருவம் அதில் இன்னும் நன்றாகக் காக்கப்படுகிறது.

படி 3: கிரிஸ்டல் வயலட்டும் அயோடினும்

தகட்டைத் தாங்கியின்மேல் வைத்து, பூச்சு முழுவதும் மூடும்படி கிரிஸ்டல் வயலட்டை ஊற்றி ஒரு நிமிடம் விடுங்கள். மெல்லிய நீரோட்டத்தில் கழுவுங்கள். நீர் நேரடியாகப் பூச்சின்மேல் விழாமல், சாய்த்த தகட்டின் மேல்விளிம்பிலிருந்து வழிந்து வரட்டும். அடுத்து கிராம் அயோடின் கரைசலை ஊற்றி ஒரு நிமிடம் விட்டு, அதேபோல் கழுவுங்கள். இந்த நிலையில் எல்லாச் செல்களும் ஊதாவாகவே இருக்கும். அயோடின் கரைசல் பழையதாகி நிறம் வெளிறியிருந்தால் அது தன் வேலையைச் செய்யாது. அதை ஒதுக்கிவிட்டுப் புதியதை எடுங்கள்.

படி 4: நிறநீக்கம்

சோதனையின் வெற்றியும் தோல்வியும் இந்தச் சில நொடிகளில்தான் இருக்கின்றன. மற்றப் படிகளில் பத்து நொடி கூடினாலும் குறைந்தாலும் பெரிய கேடு இல்லை. இங்கே மட்டும் அப்படி விட்டுவிட முடியாது.

தகட்டைச் சாய்த்துப் பிடித்து, 95 விழுக்காடு எத்தனாலை மேல்விளிம்பிலிருந்து துளித்துளியாக விடுங்கள். முதலில் ஊதா நிறம் அடர்த்தியாக வழியும், பிறகு குறையும். வழியும் திரவம் நிறமற்றதாக மாறும் அந்தக் கணமே நிறுத்தி, உடனடியாக நீரால் கழுவிவிட வேண்டும். எத்தனாலுக்குப் பொதுவாக 10 முதல் 20 நொடிகள் ஆகும். அசிட்டோன் கலந்த ஆல்கஹால் மிக விரைவாக வேலை செய்வதால் சில நொடிகளே போதும். பூச்சின் தடிமனைப் பொறுத்து இது மாறும் என்பதால் கடிகாரத்தை மட்டும் நம்பாமல் வழியும் திரவத்தின் நிறத்தைப் பாருங்கள். நேரம் கூடினால் கிராம் நேர் செல்களும் சாயத்தை இழந்து கிராம் எதிர் செல்களைப் போலத் தோன்றும். குறைந்தால் கிராம் எதிர் செல்களும் ஊதாவாகவே நின்றுவிடும்.

நீரால் கழுவும்வரை தகட்டில் தங்கியிருக்கும் ஆல்கஹால் வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். கழுவும் நீரை அருகிலேயே தயாராக வைத்துக்கொண்ட பிறகே ஆல்கஹால் புட்டியைக் கையில் எடுங்கள்.

படி 5: எதிர்ச்சாயம்

சாஃப்ரனினை ஊற்றி 30 முதல் 60 நொடிகள் விட்டு, கழுவி, உறிஞ்சுதாளால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து உலரவிடுங்கள்.

படி 6: நுண்ணோக்கியில் பார்த்தல்

எஷ்செரிக்கியா கோலி செல்லின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.2 மைக்ரோமீட்டர். இந்த எல்லையை நெருங்கிப் பார்க்க 100 மடங்கு எண்ணெய் அமிழ் லென்ஸ் தேவை; 10 மடங்கு கண்ணருகு லென்ஸோடு சேர்ந்து அது மொத்தம் 1000 மடங்கு உருப்பெருக்கம் தரும். எண்ணெயின் ஒளிவிலகல் எண் கண்ணாடியினுடையதற்கு மிக நெருக்கமாக இருப்பதால், ஒளி இடையில் விலகிச் சிதறாமல் லென்ஸுக்குள் வந்து சேருகிறது. முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் பூச்சைக் கண்டு, செல்கள் ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் தனித்தனியாக உள்ள மெல்லிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதன்பின் ஒரு துளி எண்ணெய் இட்டு 100 மடங்கு லென்ஸுக்கு மாறுங்கள்.

நிறத்தோடு வடிவத்தையும் அடுக்கையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்: ஊதா நிறக் கோளங்கள் கொத்தாக, இளஞ்சிவப்புக் கோல்கள் தனித்தனியாக, என்பதுபோல. மூளையுறை அழற்சியை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, நெய்சீரியா மெனிஞ்சைட்டிடிஸ் ஆகிய இரண்டும் இரட்டைக் கோளங்களாகவே தெரியும். முன்னது ஊதா, பின்னது இளஞ்சிவப்பு. தண்டுவட நீரிலிருந்து பாக்டீரியாவை வளர்த்து அடையாளம் காண ஒன்றிரண்டு நாளாகும் நிலையில், இந்த நிற வேறுபாடு மருத்துவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் கிடைத்துவிடுகிறது. அந்த நோயில் மணிக்கணக்கில் காத்திருப்பதே உயிருக்கு ஆபத்து என்பதை நினைத்தால், 1884-இன் முறை இன்றும் மருத்துவமனை ஆய்வகங்களில் நிலைத்திருப்பதன் காரணம் விளங்கும்.

முடிவை எப்படி நம்புவது?

அறியாத பாக்டீரியாவை மட்டும் தனியாகச் சாயமேற்றிப் பார்க்காதீர்கள். ஒரே தகட்டில் மூன்று சிறு வட்டங்கள் வரைந்து, ஒரு பக்கம் கிராம் நேர் என்று உறுதியாகத் தெரிந்ததையும், மறுபக்கம் கிராம் எதிர் என்று தெரிந்ததையும், நடுவில் அறியாததையும் பூசுங்கள். மூன்றும் ஒரே கையால், ஒரே நேரத்தில், ஒரே ஆல்கஹாலால் கழுவப்படும். தெரிந்த இரண்டும் தத்தம் நிறத்தில் சரியாக இருந்தால் மட்டுமே நடுவில் இருப்பதைப் படிக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் தகட்டை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அவசரத்தில் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். என் பார்வையில், ஒப்பீடு இல்லாத கிராம் சாயமேற்றம் ஒரு முடிவாகவே கொள்ளத்தக்கதன்று.

அப்படியும் ஐயம் தீராவிட்டால், சாயமே இல்லாத இன்னொரு சோதனை உதவும். 3 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலின் ஒரு துளியில் காலனியைக் கலந்து, வளையத்தை மெதுவாக மேலே தூக்குங்கள். கிராம் எதிர் செல்கள் அந்தக் காரத்தில் உடைந்து, உள்ளிருக்கும் டிஎன்ஏ வெளிவருவதால், ஒரு நிமிடத்துக்குள் கலவை பிசுபிசுப்பான இழையாக வளையத்தோடு நீண்டு வரும். கிராம் நேர் செல்களில் பொதுவாக இழை வராது. இக்கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே கையாள வேண்டும்.

சில பாக்டீரியாக்களுக்கு இந்த முறையே பொருந்தாது. காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியத்தின் சுவர் மெழுகுத்தன்மை கொண்டதால் சாயம் சரியாகப் புகாது. அதற்கு சீல்-நீல்சன் என்னும் வேறொரு சாயமேற்றும் முறை தேவை. மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவுக்குச் செல் சுவரே இல்லை.

நிறத்திலிருந்து மருந்துக்கு

அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-இல் பென்சிலினைக் கண்டறிந்தபோது, அது ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் நேர் பாக்டீரியாக்களைத் தடுத்தாலும், குடல்வாழ் கிராம் எதிர் கோல்கள் பலவற்றைத் தொடவில்லை என்பதைக் கவனித்தார். பென்சிலின் பெப்டிடோகிளைக்கான் கட்டப்படுவதைத் தடுக்கும் மருந்து. கிராம் எதிர் செல்களில் அந்தச் சுவருக்குக் காவலாக வெளிச்சவ்வு நிற்கிறது. வான்கோமைசின் என்னும் மருந்தின் மூலக்கூறு மிகப் பெரியது என்பதால் அந்தச் சவ்வை அதனால் கடக்கவே முடிவதில்லை; ஆகவே அது கிராம் நேர் தொற்றுகளுக்கே பயன்படுகிறது. ஆனால் எந்த மருந்துக்கு அந்தக் குறிப்பிட்ட பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பெற்றிருக்கிறது என்பதை நிறம் சொல்லாது. அதற்கு வளர்ப்பும், மருந்து உணர்திறன் சோதனையும் கட்டாயம் வேண்டும்.

படி 7: அப்புறப்படுத்துதல்

சுடரில் காட்டிப் பதித்ததாலேயே எல்லாச் செல்களும் இறந்துவிட்டன என்று கொள்ளக் கூடாது. பேசிலஸின் அகவித்துகள் (கடுஞ்சூழலைத் தாங்க செல்லுக்குள் உருவாகும் உறங்குநிலை வடிவங்கள்) கொதிநீரையும் தாங்கக்கூடியவை. பயன்படுத்திய தகடுகளைக் கூரிய கழிவுகளுக்கான கலத்தில் இடுங்கள். வளர்ப்புத் தட்டுகளை ஆட்டோகிளேவில், நீராவி அழுத்தத்தில், 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் வைத்த பிறகே வெளியேற்ற வேண்டும். கலம் நிறைந்திருந்தால் நீராவி உள்ளே சென்று சேர இன்னும் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். மேசையை 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடையுங்கள். கலந்திருக்கும் நீர் புரதங்களை உருக்குலைக்க உதவுவதால், தூய ஆல்கஹாலைவிட இதுவே செல்களை நன்றாகக் கொல்கிறது, ஆனால் அகவித்துகளை இதுவும் அழிக்காது. கையுறையைக் கழற்றிச் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். எண்ணெய் அமிழ் லென்ஸில் ஒட்டியிருக்கும் எண்ணெயை அன்றே லென்ஸ் தாளால் துடைத்துவிடுங்கள்; உலர்ந்து படிந்துவிட்டால் அடுத்த முறை படம் மங்கலாகத் தெரியும்.