ஒரு வலைப்பூவுக்கு ஒரே முகவரி: டொமைன் சிக்கல்களைச் சரிசெய்வது எப்படி?

சொந்த டொமைன் (உங்கள் தளத்தின் இணையப் பெயர்) வாங்கி வலைப்பூவோடு இணைத்ததும், நமக்கு இருப்பது ஒரே முகவரி என்றுதான் தோன்றும். தேடுபொறிக்கு அது நான்கு. எச்டிடிபியில் தொடங்குவது ஒன்று, எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்குவது ஒன்று. இரண்டிலும் முன்னால் மூன்று டபிள்யூ இருப்பதும் இல்லாததும் தனித்தனி. கூகுளின் பிளாக்கரில் எழுதினால், அது இலவசமாகக் கொடுத்த பழைய பிளாக்ஸ்பாட் முகவரி ஐந்தாவது. எல்லாம் ஒரே பக்கம்தானே என்று விட்டால், நீங்கள் பெற்ற இணைப்புகளின் மதிப்பு ஐந்து இடங்களில் சிதறும். ஐந்தில் ஒன்று மட்டும் திறக்காமல் போவது அதைவிட மோசம். அதைத் தட்டிய வாசகர், வலைப்பூவையே மூடிவிட்டார்கள் என்று நினைத்துப் போய்விடுவார்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்ற எல்லாவற்றையும் 301 என்னும் நிரந்தர ரீடைரக்ட் (திருப்பிவிடுதல்) மூலம் அதற்குத் திருப்ப வேண்டும். கீழே பிளாக்கரை வைத்து விளக்கியிருக்கிறோம். மற்ற தளங்களுக்கும் கணக்கு இதேதான்.

படி 1: முதன்மை முகவரியை முடிவு செய்யுங்கள்

மூன்று டபிள்யூ உள்ளதையே தேர்ந்தெடுங்கள். காரணம் தொழில்நுட்பம்தான். ஒரு டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு டிஎன்எஸ்; அதன் ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்டு. பிளாக்கரோடு இணைக்கத் தேவையானது சிநேம் ரெக்கார்டு; அது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும். சிநேம் ரெக்கார்டு இருக்கும் பெயரில் வேறு எந்த ரெக்கார்டும் இருக்கக் கூடாது. ஆனால் வெறும் டொமைனில் (மூன்று டபிள்யூ இல்லாததில்) நேம்சர்வர் ரெக்கார்டு, அதாவது டிஎன்எஸ் விவரங்கள் எந்தச் சர்வரில் உள்ளன என்ற குறிப்பு, கட்டாயம் இருக்கும். அதனால் அங்கே சிநேம் போட முடியாது.

படி 2: டிஎன்எஸ் ரெக்கார்டுகள்

எதையும் தொடும் முன், ரெஜிஸ்ட்ரார் (டொமைன் விற்ற நிறுவனம்) தளத்தில் உள்ள டிஎன்எஸ் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு பிளாக்கர் அமைப்புகளில் ‘வெளியிடுதல்’ பகுதிக்குப் போய், தனிப்பயன் டொமைன் இடத்தில் உங்கள் முகவரியை மூன்று டபிள்யூவோடு எழுதிச் சேமியுங்கள். சிவப்பில் ஒரு பிழைச் செய்தி வரும். பயப்பட வேண்டாம், அது வரத்தான் வேண்டும். அதில் இரண்டு சிநேம் ரெக்கார்டுகள் இருக்கும். முதலாவதில் பெயர் மூன்று டபிள்யூ, சேரிடம் ஜிஎச்எஸ் டாட் கூகுள் டாட் காம். இரண்டாவது உங்களுக்கே உரிய சரிபார்ப்பு ரெக்கார்டு. இரண்டையும் டிஎன்எஸ் பக்கத்தில் சேருங்கள்; இரண்டாவதைக் கையால் அடிக்காமல் நகலெடுத்து ஒட்டுங்கள்.

வெறும் டொமைனுக்கு, பெயரை ஐபி எண்ணுக்குக் காட்டும் நான்கு ஏ ரெக்கார்டுகள்: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. நான்கையும் போடுங்கள்.

பெரும்பாலான தவறுகள் இந்தப் படியில்தான் நடக்கின்றன. பெயர் கட்டத்தில் முழு டொமைனையும் எழுதினால், பல ரெஜிஸ்ட்ரார்களின் பேனல் பின்னால் இன்னொரு முறை டொமைனைச் சேர்த்துவிடும். ரெக்கார்டு இருந்தும் வேலை செய்யாது. டொமைன் வாங்கியபோதே இருந்த பார்க்கிங் ஏ ரெக்கார்டை நீக்காவிட்டால், ஒரு முறை வலைப்பூ திறக்கும், அடுத்த முறை விளம்பரப் பக்கம் வரும். நேம்சர்வரை கிளவுட்ஃபிளேர் என்னும் டிஎன்எஸ் சேவைக்கு மாற்றியிருந்தால் ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் என்ன திருத்தினாலும் பலனில்லை; கிளவுட்ஃபிளேரில்தான் திருத்த வேண்டும். டொமைனில் மின்னஞ்சல் வைத்திருந்தால், அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டுகளைத் தொடாதீர்கள்.

ரெக்கார்டை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்று சொல்வது டிடிஎல். அது 3600 என்றிருந்தால், பழைய ரெக்கார்டு ஒரு மணி நேரம் வரை நினைவில் இருக்கும். அதற்குள் பொறுமை இழந்து மாற்றி மாற்றிப் போட்டால் எது சரி என்றே தெரியாமல் போகும்.

படி 3: திருப்பிவிடுதலும் எச்டிடிபிஎஸ்ஸும்

ரெக்கார்டுகளைப் போட்ட பிறகு பிளாக்கரில் முகவரியை மீண்டும் சேமியுங்கள். டொமைன் ஏற்கப்பட்டதும் அதே அமைப்புகள் பக்கத்தில் டொமைன் ரீடைரக்டை இயக்குங்கள். வெறும் டொமைன் மூன்று டபிள்யூவுக்குப் போகும். அடுத்து எச்டிடிபிஎஸ்ஸை இயக்குங்கள். அதற்கான பாதுகாப்புச் சான்றிதழ் வர ஒரு நாள்கூட ஆகலாம். வந்து, பக்கம் பூட்டுடன் திறப்பதைப் பார்த்த பிறகே எச்டிடிபிஎஸ் ரீடைரக்டை இயக்குங்கள்.

சான்றிதழ் வரவே இல்லையென்றால் சிஏஏ ரெக்கார்டு (யார் சான்றிதழ் தரலாம் என்று சொல்வது) ஏதும் தடுக்கிறதா, கிளவுட்ஃபிளேரின் ஆரஞ்சு மேகம் (போக்குவரத்தைத் தன் வழியே அனுப்பும் அமைப்பு) இயங்குகிறதா என்று பாருங்கள். மேகத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ‘ரீடைரக்ட் மிக அதிகம்’ என்ற பிழை வந்தால், பெரும்பாலும் கிளவுட்ஃபிளேரில் எஸ்எஸ்எல் (பாதுகாப்பு இணைப்பு) அமைப்பு ‘ஃபிளெக்சிபிள்’ என்று இருக்கும். அப்போது கிளவுட்ஃபிளேர் உங்கள் தளத்தை எச்டிடிபியில் கேட்கும். தளம் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும். அது மறுபடி எச்டிடிபியில் கேட்கும். ‘ஃபுல்’ என்று மாற்றினால் சுற்று அறுபடும்.

படி 4: சோதனை

நான்கு முகவரிகளையும் இன்காக்னிடோவில் திறந்து பாருங்கள். பிரவுசர் 301-ஐ நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் வழக்கமான ஜன்னலை நம்ப முடியாது. முகப்பை மட்டும் பார்த்தால் போதாது. பழைய பதிவு ஒன்றின் பிளாக்ஸ்பாட் இணைப்பையும் திறந்து, அது அதே பதிவுக்குத்தான் போகிறதா என்று பாருங்கள்.

கூகுள் தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோலில் ‘ரீடைரக்ட் உள்ள பக்கம்’ என்று பட்டியல் வந்தால் அது பிழை அல்ல. நீங்கள் செய்தது வேலை செய்கிறது என்று அர்த்தம். கைபேசியில் பிளாக்கர் முகவரியின் கடைசியில் ‘எம் சமம் 1’ என்று ஒட்டிக்கொள்ளும் வாலையும் நீக்க முயல வேண்டாம். எது அசல் முகவரி என்று தேடுபொறிக்குச் சொல்லும் கேனானிக்கல் குறிப்பு அதைக் கவனித்துக்கொள்ளும். வெளியில் வாங்கிய தீம் என்றால் மட்டும், பக்கத்தின் மூலநிரலில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

பழைய இணைப்புகளும் தமிழ்த் தலைப்புகளும்

2012-இல் கூகுள், பிளாக்ஸ்பாட் முகவரிகளை நாட்டுக்கு ஏற்ப மாற்றிக் காட்டத் தொடங்கியது. அப்போது நகலெடுத்த ‘பிளாக்ஸ்பாட் டாட் இன்’ இணைப்புகள் நிறைய தமிழ்ப் பதிவுகளுக்குள் இன்னும் இருக்கின்றன. அந்த டொமைன் 2020-இல் கூகுளின் கையை விட்டே போய்விட்டது. பிளாக்ஸ்பாட்டை அடுத்து வரும் ‘இன்’ என்பதை ‘காம்’ என்று மாற்றுங்கள். மீதியை அப்படியே விடுங்கள்.

தமிழில் மட்டும் தலைப்பு வைத்தால் பிளாக்கர் ‘பிளாக் போஸ்ட்’ என்று பொதுப்பெயரை முகவரியாக வைத்துவிடும். வேர்ட்பிரஸ் தமிழை அப்படியே ஏற்கும், ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது விரியும். ‘அம்மா’ என்பதில் அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறிகள். ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக்குறியோடு 3 எழுத்து. ஆக 45 எழுத்து. வேர்ட்பிரஸ் 200 எழுத்தில் வெட்டிவிடும் என்பதால் 22 குறிகளுக்கு மேல் தாங்காது. வெளியிடும் முன்பே பெர்மாலிங்க்கை (பதிவின் நிரந்தர முகவரியை) சிறிய ஆங்கில எழுத்துகளில் நீங்களே எழுதிவிடுங்கள். ஏற்கெனவே வெளியிட்டதை மாற்றினால், பிளாக்கரின் ‘தனிப்பயன் ரீடைரக்ட்’ பகுதியில் பழையதிலிருந்து புதியதற்கு ‘நிரந்தரம்’ என்று குறித்து வழி போடுங்கள்.

டொமைன் கைநழுவாமல் இருக்க

டாட் காம் போன்ற பொது டொமைன் வாங்கியதும் ரெஜிஸ்ட்ரார் அனுப்பும் மின்னஞ்சல் சரிபார்ப்பை 15 நாளுக்குள் முடிக்காவிட்டால் டொமைனை நிறுத்திவைப்பார்கள். நேற்று வரை ஓடிய வலைப்பூ திடீரென்று நின்றால் முதலில் இதைப் பாருங்கள். டொமைனைப் பதிவு செய்யக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும், எச்சரிக்கை வந்து சேராது.

காலாவதியான பிறகு வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கச் சில நாள் கிடைக்கலாம். ரெஜிஸ்ட்ராருக்கு ரெஜிஸ்ட்ரார் அது மாறும். அதையும் தவறவிட்டால் 30 நாள் மீட்புக் காலம், கூடுதல் கட்டணத்தோடு. அதன் பின் 5 நாளில் டொமைன் சந்தைக்குப் போய்விடும்.

இனி இந்த டொமைன் வேண்டாம் என்று முடிவெடுத்தால், அது காலாவதியாகும் முன்பே பிளாக்கர் அமைப்பில் தனிப்பயன் டொமைனை நீக்குங்கள். நீக்காவிட்டால் உங்கள் பிளாக்ஸ்பாட் முகவரி, அந்த டொமைனை அடுத்து வாங்கும் யாரோ ஒருவரின் பக்கத்துக்கே வாசகர்களை அனுப்பிக்கொண்டிருக்கும்.