லினக்ஸில் செஸ் எஞ்சினைச் சோதிக்க எந்த மென்பொருளை எடுப்பது?

சொந்தமாக ஒரு சிறிய செஸ் எஞ்சின், அதாவது செஸ் ஆடும் நிரல், எழுதி வருகிறேன். அதில் எதை மாற்றினாலும் கேள்வி ஒன்றுதான்: புதியது பழையதை நிஜமாகவே ஜெயிக்கிறதா? அதனால் நான் தேடுவது நல்ல நடுவர். இரண்டு எஞ்சின்களுக்கும் ஒரே நியாயம் வைத்து ஆடவிட வேண்டும். ஏதாவது ஒன்று தடுமாறினால், எந்த இடத்தில் தடுமாறியது என்று காட்ட வேண்டும். பலகையும் காய்களும் அழகாக இருப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வேலைக்கு முதலில் க்யூட் செஸ்ஸை நிறுவுங்கள். திறந்த மூல மென்பொருள், க்யூடி நூலகத்தில் எழுதப்பட்டது. எஞ்சினும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் யுசிஐ, எக்ஸ்போர்டு ஆகிய இரண்டு நெறிமுறைகளையும் நேரடியாகப் புரிந்துகொள்ளும். எல்லோரும் எல்லோருடனும் மோதும் ரவுண்ட் ராபின் நடத்தலாம். ஒரே எஞ்சினை மற்ற எல்லாவற்றோடும் மோதவிடும் காண்ட்லட்டும் நடத்தலாம். உங்கள் புதிய பதிப்பை அளக்க காண்ட்லட்தான் சரி. மற்ற எஞ்சின்கள் தங்களுக்குள் ஆடி நேரத்தைத் தின்னாது.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது பிழைத்திருத்தப் பலகம். மென்பொருளுக்கும் எஞ்சினுக்கும் நடக்கும் உரையாடல் வரிக்கு வரி அதில் ஓடும். 'யுசிஐ' என்று கேட்டதற்கு 'யுசிஐஓகே' வந்ததா, 'கோ' என்று சொன்ன பிறகு 'பெஸ்ட்மூவ்' எப்போது வந்தது, எல்லாம் தெரியும். எஞ்சின் பாதியில் உறைந்துபோனால் கடைசி வரியைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இந்த உரையாடலைக் காட்டாத மென்பொருள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எஞ்சின் எழுதுகிறவருக்கு உதவாது.

பன்க்ஸியாஜியுஐ அடுத்த தேர்வு. இலவசம், லினக்ஸிலும் ஓடும், பெரிய போட்டிகளைச் சுட்டியாலேயே அமைத்துவிடலாம். மூல நிரல் திறந்ததாக இல்லாததால் நான் இரண்டாவதாக வைக்கிறேன். அது உங்களுக்குப் பொருட்டில்லை என்றால் தாராளமாக எடுங்கள். எக்ஸ்போர்டு பழையது, தோற்றமும் பழையது. ஆனால் அதன் பெயரிலேயே இருக்கும் நெறிமுறையைப் பேசும் பழைய எஞ்சின்கள் உங்களிடம் இருந்தால் அதைவிட நம்பகமான இடம் கிடையாது. யுசிஐ எஞ்சினை அதில் ஓட்ட பாலிகிளாட் போன்ற இடைநிலை நிரல் தேவைப்படும். என் கிராஸாந்த், நிப்ளர் இரண்டும் ஒரு நிலையை அலசிப் பார்க்க அருமையானவை. நூற்றுக்கணக்கில் ஆட்டம் நடத்த அவற்றை எடுக்காதீர்கள்.

எஞ்சினைச் சேர்ப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். பதிவிறக்கிய கோப்புக்கு இயக்க அனுமதி இருக்கிறதா? பட்டியலில் சேர்த்தும் எஞ்சின் தொடங்கவே இல்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அடுத்தது, உங்கள் செயலிக்கு ஏற்ற பதிப்பா? ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சின்கள், செயலிக்குத் தெரிந்த கட்டளைத் தொகுப்பைப் பொறுத்து ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ2 என்று தனித்தனிப் பதிப்புகளாகக் கிடைக்கும். செயலிக்குத் தெரியாத கட்டளை உள்ள பதிப்பைக் கொடுத்தால் எஞ்சின் வாய் திறக்காமல் விழுந்துவிடும். டெர்மினலில் நேராக ஓட்டிப் பார்த்தால் காரணம் உடனே தெரியும்.

இனி போட்டி அமைப்பு. இங்கேதான் நிதானம் வேண்டும். ஆரம்ப நிலையிலிருந்து அப்படியே ஆடவிட்டால் எஞ்சின்கள் ஏறக்குறைய ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும். அதனால் பலவிதமான தொடக்கங்கள் அடங்கிய ஓப்பனிங் கோப்பு ஒன்றைக் கொடுங்கள். பிஜிஎன் (நகர்வுகளின் பதிவு) அல்லது ஈபிடி (பலகை நிலைகளின் பட்டியல்) வடிவம் போதும். ஒவ்வொரு ஓப்பனிங்கையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவிடுங்கள். ஓப்பனிங் வெள்ளைக்குச் சாதகமாக இருந்தாலும் அந்தச் சாதகம் இரு பக்கமும் போய்ச் சேரும். எதிராளியின் நேரத்தில் யோசிக்கும் பாண்டரை நிறுத்திவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு ஹேஷ் (எஞ்சினுக்கு ஒதுக்கும் நினைவகம்), ஒரே ஒரு த்ரெட் (கணக்கீட்டு இழை).

ஒரே நேரத்தில் எத்தனை ஆட்டம்? பாண்டர் இல்லையென்றால் ஒரு ஆட்டத்தில் ஒரு எஞ்சின்தான் யோசிக்கும், ஆகவே ஆட்டத்துக்கு ஒரு கோர் போதும். நிஜமான கோர்களை மட்டும் எண்ணுங்கள்; ஹைப்பர்த்ரெடிங் காட்டும் இரட்டிப்பு எண்ணிக்கையை நம்ப வேண்டாம். நான்கு கோர் உள்ள கணினியில் நான் மூன்று ஆட்டம் வைப்பேன், நான்காவது கணினிக்கும் மென்பொருளுக்கும். மடிக்கணினி என்றால் மின்சேமிப்பு முறையிலிருந்து செயல்திறன் முறைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் செயலியின் வேகம் ஏறி இறங்கி முடிவையே கலக்கிவிடும்.

நேரத்துக்கு, ஆட்டத்துக்கு 10 வினாடி, நகர்வுக்கு 0.1 வினாடி கூடுதல் என்பது நல்ல தொடக்கம். ஸ்டாக்ஃபிஷின் சோதனைக் களமான ஃபிஷ்டெஸ்டிலும் குறுகிய சோதனைகளுக்கு இதுதான் வழக்கம்.

எத்தனை ஆட்டம் என்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சம பலமுள்ள இரண்டு எஞ்சின்கள், பாதி ஆட்டம் டிரா என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஆட்டத்தில் பிழை எல்லை ஏறத்தாழ 48 ஈலோ (ஆடும் பலத்தை அளக்கும் புள்ளி), மேலேயும் கீழேயும். 1,000 ஆட்டத்தில் சுமார் 15. 10,000 ஆட்டத்தில் சுமார் 5. நீங்கள் செய்த மாற்றம் 5 ஈலோதான் தரும் என்றால் 100 ஆட்ட முடிவு எதையும் சொல்லாது, 20 ஈலோ முன்னிலை காட்டினாலும் சரி.

அவ்வளவு ஆட்டத்துக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கத் தேவையில்லை. க்யூட் செஸ்ஸோடு வரும் கட்டளை வரி நிரலுக்கு மாறுங்கள். அதே வேலைக்கு ஃபாஸ்ட்செஸ்ஸும் இருக்கிறது, ஃபிஷ்டெஸ்ட் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டிலும் எஸ்பிஆர்டி உண்டு; ஆட்டங்கள் சேரச் சேர முடிவைக் கணித்துப் பார்க்கும் புள்ளியியல் சோதனை அது. கீழ் எல்லை 0 ஈலோ, மேல் எல்லை 5 ஈலோ, தவறும் வாய்ப்பு இரு பக்கமும் 0.05 என்று கொடுத்தால், முடிவு தெளிந்ததும் போட்டி தானே நின்றுவிடும். என் வழக்கம் இதுதான்: முதல் சில ஆட்டங்கள் ஜன்னலில், கண் முன்னால். எஞ்சின் ஒழுங்காகப் பேசுகிறது என்று தெரிந்த பிறகு மீதியெல்லாம் டெர்மினலில்.

போட்டி முடிந்ததும் பிஜிஎன் கோப்பை ஸ்கிட் வெர்சஸ் பிசி என்ற ஆட்டத் தரவுத்தள மென்பொருளில் திறந்து, தோற்ற ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் எஞ்சினின் மதிப்பீடு, ஆழம், எடுத்த நேரம் ஆகியவற்றை க்யூட் செஸ் எழுதி வைத்திருக்கும். ஆட்டம் இயல்பாக முடியாவிட்டால் தலைப்பில் உள்ள டெர்மினேஷன் வரி காரணத்தைச் சொல்லும்: நேரம் தீர்ந்ததா, விதி மீறிய நகர்வா, எஞ்சின் பாதியில் செத்துப்போனதா என்று. ஈலோ எண்ணைப் பார்ப்பதற்கு முன் இந்த வரியைப் பாருங்கள். நேரம் தீர்ந்து தோற்ற ஆட்டங்கள் இருந்தால் முதலில் நேர நிர்வாகத்தைச் சரிசெய்து போட்டியை மறுபடி ஓட்டுங்கள். அதுவரை அந்த எண்ணை உங்கள் எஞ்சினில் நகர்வைத் தேடும் நிரலோடு சேர்த்துப் பேச வேண்டாம்.