வலைக்குத் தூபங்காட்டாமல் ஒருவரையே ஆராதிப்பது எப்படி

"என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்ற கட்டளை (யாத்திராகமம் 20:3) பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடமாகத் தெரியும். அதைக் கடல் தொழிலிலும் வீட்டிலும் கைக்கொள்ள விரும்பும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வேதாகமத்திலுள்ள ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் முதலாம் அதிகாரத்தை வீட்டார் எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். கல்தேயன், அதாவது பாபிலோனியன், தன் வலைக்குப் பலியிட்டு, தன் பறிக்குத் தூபங்காட்டுகிறான் என்றும், அவற்றால்தான் தன் பங்கு கொழுத்தது என்று எண்ணுகிறான் என்றும் 16ஆம் வசனம் சொல்கிறது. தீர்க்கதரிசி அங்கே படைபலத்தையே வலை என்கிறார். ஆனால் வலையைக் கொண்டே பிழைக்கிற நமக்கு அந்த வசனம் நேராகவே வந்து தைக்கிறது. மீன்பாடு நன்றாக விழுந்த நாளில் புது இயந்திரத்தையும் ஓட்டுநரின் கைராசியையும் மட்டுமே பேசிவிட்டு வீடு திரும்புகிறோமா என்று கவனியுங்கள். கடலுக்குப் புறப்படுமுன் படகில் நின்று ஜெபிப்பதைப் போலவே, கரை சேர்ந்ததும் மீனைத் தரம் பிரிப்பதற்கு முன்பாகவும் ஸ்தோத்திரம் செலுத்துங்கள்.

பாடு இல்லாத நாளில் அதைச் செய்வதே கடினம், அதுவே முக்கியமும் ஆகும். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நீள்கிறது. கடனும் கவலையும் பெருகும் அந்த நாட்களில், வலை பின்னி முடித்த மாலைகளில், அதே ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரத்தை வாசியுங்கள். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று சொல்ல, தன் பங்கு கொழுத்ததற்காகவே வலையை வணங்கியவனால் முடியாது.

அடுத்ததாக, ஜெபித்துவிட்டுப் படகின் முன்பக்கமான அணியத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவதை, பிள்ளையின் மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டுவதை எடுத்துக்கொள்வோம். வெறும் பழக்கம் என்பீர்களானால், அதை அவிழ்க்கும்போது மனம் பதறுகிறதா என்று பாருங்கள். பதறினால், எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் இஸ்ரவேல் ஜனங்களிடம் கேட்ட "எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்" என்ற கேள்வி நமக்கும் உரியது. கயிற்றை அறுப்பதற்கு முன், எதற்காக அறுக்கிறோம் என்பதைப் பிள்ளைக்கும் பாட்டிக்கும் பொறுமையாக விளக்குங்கள். படகில் பிற சமயத்தவர் பங்காளியாக இருந்தால், அவர் கட்டியதில் கைவைக்க நமக்கு உரிமையில்லை.

பக்கத்து வீட்டாரின் நம்பிக்கையை இழிவாகப் பேசுவது இந்தக் கட்டளையில் எங்கும் சொல்லப்படவில்லை. எபேசுவில் பவுலின் தோழர்கள் அவ்வூர்த் தேவியைத் தூஷிக்கவில்லை என்று நகர அதிகாரியே சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 19:37). விருந்துக்கு அழைத்தால் போய்ச் சாப்பிடுங்கள். இது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் மட்டும், 1 கொரிந்தியர் 10:27, 28 சொல்கிறபடி, அன்போடு தவிர்த்துவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கும்போது, ஜெபித்துவிட்டோம் என்ற தைரியத்தில் படகை இறக்குவது பக்தியாகாது. "அவர் ஒருவருக்கே ஆராதனை செய்வாயாக" என்று மத்தேயு 4:10இல் சொன்ன இயேசு, அதற்குச் சற்று முன்புதான் தேவனைப் பரீட்சை பாராதே என்றும் சொன்னார். கூண்டு இறக்கப்படும்வரை படகைக் கட்டி வைத்துவிட்டு, வீட்டில் கூடி ஜெபியுங்கள்.