யுவி-5ஆர் ஹேண்டியில் ரிப்பீட்டர் சேனல் ஏற்றும் முறை

பாவ்ஃபெங் யுவி-5ஆர், கையில் பிடித்துப் பேசும் விலை குறைந்த ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) செட். புதிதாக உரிமம் வாங்கிய பலரின் கைக்கும் முதலில் வருவது இதுதான். "செட் வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோரின் செட் நன்றாகவே இருக்கும். மெனுவில் ஏதோ ஒன்று தப்பாக இருக்கும். பெட்டியோடு வரும் கையேடு அந்த விஷயத்தில் அவ்வளவாக உதவாது.

கணினியில் கேபிள் செருகி ஏற்றுவது சுலபம்தான். ஆனால் முதல் சேனலையாவது செட்டின் விசைகளிலேயே ஏற்றிப் பழகிவிடுங்கள். புயலடித்து மின்சாரம் போய், வழக்கமான ரிப்பீட்டரும் (நம் ஒலிபரப்பை வாங்கித் தொலைவுக்கு மறு ஒலிபரப்பு செய்யும் நிலையம்) நின்று, "வேறு அலைவரிசைக்கு வாருங்கள்" என்று யாராவது சொல்லும்போது லேப்டாப் பக்கத்தில் இருக்காது.

பேசுவதற்கு உரிமம் வேண்டும். இந்தியாவில் அதைத் தருவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யுபிசி பிரிவு. வியு2, வியு3 என்று தொடங்கும் கால்சைனும் (காற்றில் உங்களை அடையாளம் காட்டும் பெயர்) அதோடு கிடைக்கும். இங்கே ஹாம்களுக்கு உரிய விஎச்எஃப் பகுதி 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, யுஎச்எஃப் பகுதி 434 முதல் 438 வரை. இந்தச் செட்டோ 136 முதல் 174 வரை, 400க்கு மேலும், எங்கே பிடிடியை (பேசுவதற்கு அழுத்தும் பொத்தான்) அழுத்தினாலும் பேசும். மற்றவர்களின் அலைவரிசையில் கை வைக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

ஆன்டெனாவைத் திருகாமல் பிடிடியை அழுத்தாதீர்கள். வெளியேற வழியில்லாத சக்தி இறுதி டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடலாம். வேறு ஆன்டெனா வாங்கினால் கவனம்: இந்தச் செட்டில் இருப்பது ஆண் எஸ்எம்ஏ (திருகும் ஆன்டெனா இணைப்பு), ஆகவே ஆன்டெனாவின் பக்கம் பெண் எஸ்எம்ஏ வேண்டும். பல செட்டுகளில் இது நேர்மாறாக இருக்கும்.

ரிப்பீட்டர் சேனல் என்பது நான்கு விஷயம்: நாம் கேட்கும் அலைவரிசை, நாம் பேசும் அலைவரிசை, பேசும்போது கூடவே போக வேண்டிய டோன் (ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலி), ஒலிபரப்பின் அகலம் (வைடு அல்லது நேரோ). ரிப்பீட்டர் ஒன்றில் கேட்டுக்கொண்டே இன்னொன்றில் ஒலிபரப்புகிறது; இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஆஃப்செட். இந்தியாவின் விஎச்எஃப் ரிப்பீட்டர்களில் வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ், கீழ்ப்பக்கம். உதாரணத்துக்கு 145.700இல் கேட்டு 145.100இல் பேசுவதாகவும் டோன் 88.5 ஹெர்ட்ஸ் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் ரிப்பீட்டரின் எண்களை அங்குள்ள ஹாம்களிடம் கேட்டு வாங்குங்கள். இணையப் பட்டியல்களில் எப்போதோ நின்றுபோன ரிப்பீட்டர்களும் இருக்கும்.

எந்த மெனுவுக்கும் ஒரே நடைமுறைதான்: மெனு பொத்தான், மெனு எண், மறுபடி மெனு, மதிப்பு, மறுபடி மெனு, கடைசியில் எக்ஸிட். மூன்றாவது முறை மெனுவை அழுத்த மறந்தால் மதிப்பு பதியாது.

1. விஎஃப்ஓ/எம்ஆர் பொத்தானால் அலைவரிசை நிலைக்கு வாருங்கள். சேனல் நிலையில் இருந்தால் பதிய முடியாது.

2. ஏ/பி பொத்தானால் அம்புக்குறியை மேல் வரிசைக்குக் கொண்டுவாருங்கள். கீழ் வரிசையிலிருந்து பதிய முயல்வதுதான் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம்.

3. மெனு 7, டிடிஆர்: ஆஃப். இரண்டு அலைவரிசையை மாறி மாறிக் கவனிக்கும் வசதி இது. பதியும்போது இது ஓடினால் குழப்பும். பேசும்போதும், கடைசியாகச் சத்தம் வந்த வரிசைக்கு ஒலிபரப்பு தாவிவிடும். நீங்கள் நினைத்த இடத்தில் குரல் போகாது. தேவை வரும்வரை அணைத்தே வையுங்கள்.

4. மெனு 28: சேனல் 001ஐ அழியுங்கள். ஏற்கெனவே எதுவோ பதிந்திருக்கும் சேனலின் மேல் மறுபடி பதிய முடியாது.

5. மெனு 10, 11, 12, 13: நான்கும் ஆஃப். பழைய டோன் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் போகட்டும்.

6. 145700 என்று தட்டுங்கள். திரை யுஎச்எஃப் பகுதியில் இருந்தால் முதலில் பேண்ட் பொத்தான். தட்டிய எண் வேறாக மாறி நின்றால் மெனு 1இல் உள்ள ஸ்டெப்பைப் பாருங்கள். ஸ்டெப் 5 கிலோஹெர்ட்ஸ் என்றால் 145.6125 போன்ற எண் உள்ளே போகாது, 12.5 என்று மாற்ற வேண்டும்.

7. மெனு 26, ஆஃப்செட்: திரையில் 00.600 என்று தெரிய வேண்டும். 06.000 என்றால் அது 6 மெகாஹெர்ட்ஸ்! மெனு 25, திசை: கழித்தல் குறி. மெனு 13, டி-சிடிசிஎஸ்: 88.5. மெனு 5, அகலம்: வைடு. மெனு 2, சக்தி: ஹை.

8. மெனு 27: சேனல் 001, மெனு, எக்ஸிட். கேட்கும் அலைவரிசை பதிந்தது.

9. நட்சத்திரக் குறியுள்ள ஸ்கேன் பொத்தானைச் சட்டென்று ஒருமுறை அழுத்துங்கள். திரை 145.100க்கு மாறும். பிடித்துக்கொண்டே இருந்தால் ஸ்கேன் தொடங்கிவிடும். மறுபடி மெனு 27, அதே 001, மெனு, எக்ஸிட். இப்போது பேசும் அலைவரிசையும் பதிந்தது. ஸ்கேன் பொத்தானை இன்னொரு முறை தட்டி, விஎஃப்ஓ/எம்ஆர் அழுத்திச் சேனல் நிலைக்குத் திரும்புங்கள்.

சரிபார்க்க: சேனல் 001இல் நின்று, யாரும் பேசவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிடிடியை அழுத்தித் தெளிவாகக் கால்சைனைச் சொல்லுங்கள். அழுத்தியிருக்கும் நேரத்தில் திரை 145.100 காட்ட வேண்டும். விட்டவுடன் ரிப்பீட்டரின் வால், அதாவது அது அணைவதற்கு முன் வரும் சத்தம், ஒரு நொடி "குஷ்" என்று கேட்டால் ரிப்பீட்டர் திறந்துவிட்டது என்று பொருள். கால்சைன் சொல்லாமல் பிடிடியைத் தட்டிப் பார்ப்பது கெட்ட பழக்கம். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு எரிச்சல் வரும்.

திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் டோன்தான். டோன் மெனு 13இல் இருக்க வேண்டும். பலர் 11இல் போட்டுவிடுவார்கள். 11 என்பது கேட்கும் பக்கத்துக் காவல். அங்கே டோனைப் போட்டு, ரிப்பீட்டர் அந்த டோனைத் திருப்பி அனுப்பாவிட்டால், செட் ஊமையாகிவிடும். பக்கவாட்டிலுள்ள "மானி" (மானிட்டர்) பொத்தானை அழுத்தினால் உண்மை தெரியும்: அப்போது மட்டும் குரல் கேட்டால் மெனு 11 அல்லது ஸ்கெல்ச் (வெற்று இரைச்சலை அடக்கும் அளவு) தப்பு, அப்போதும் கேட்காவிட்டால் அலைவரிசை தப்பு, இல்லை ரிப்பீட்டர் எட்டவில்லை. ரிப்பீட்டர் திறக்கிறது, ஆனால் உங்கள் குரல் மெலிந்து கேட்கிறது என்கிறார்களா? மெனு 5 நேரோவில் இருக்கும்.

வீட்டுக்குள்ளிருந்து எட்டாத ரிப்பீட்டர் மொட்டை மாடியிலிருந்து எட்டும். கூடவே வரும் குட்டை ஆன்டெனா மிகச் சுமார். சுமார் 49 சென்டிமீட்டர் வயரை ஆன்டெனா இணைப்பின் வெளி வளையத்தில் சேர்த்துத் தொங்கவிட்டால் 2 மீட்டர் அலையில் (மேலே சொன்ன விஎச்எஃப் பகுதி) வித்தியாசம் தெரியும். செலவு இல்லாத வைத்தியம்.

பதிந்த கையோடு இன்னும் சிலவற்றை மாற்றிவிடுங்கள். மெனு 39, ரோஜர்: ஆஃப், ஒவ்வொரு முறையும் வரும் அந்தப் பீப் யாருக்கும் பிடிக்காது. மெனு 4, வாக்ஸ் (சத்தம் கேட்டதும் தானே ஒலிபரப்பும் வசதி): ஆஃப், இல்லையென்றால் வீட்டுச் சத்தமெல்லாம் காற்றில் போகும். மெனு 32, ஏஎல்-மோட்: சைட். "கால்" (அழைப்பு) என்ற பொத்தானைப் பிடித்து அழுத்தினால் அலாரம் அலறும். சைட் நிலையில் அந்த அலறல் உங்கள் ஸ்பீக்கரோடு நிற்கும், மற்ற நிலைகளில் ஒலிபரப்பாகிவிடும். மெனு 40இல் ஆல் என்று ரீசெட் செய்தால் சேனல்கள் அத்தனையும் போய்விடும், செட் சீனத்தில் பேசவும் தொடங்கலாம். மெனு 14 அதைச் சரிசெய்யும்.

இனி கணினி. 128 சேனல் வரை இடம் இருக்கிறது. அத்தனையையும் விசையில் தட்டத் தேவையில்லை. சேனலுக்கு ஏழு எழுத்துப் பெயர் வைக்கவும் கணினிதான் வழி. சிர்ப் என்ற இலவச மென்பொருள் போதும். சிக்கல் தருவது கேபிள். மலிவான கேபிள்களில் போலி புரோலிஃபிக் சிப் இருக்கும். புதிய விண்டோஸ் டிரைவர் அதை ஏற்காது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி நிற்கும். பழைய டிரைவரைத் தேடி நிறுவலாம். எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிளை வாங்குவது அதைவிட நிம்மதி. லினக்ஸில் டிரைவர் தேவையில்லை, ஆனால் உங்கள் பயனர் கணக்கு டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும்.

செட்டை அணைத்து, பிளக்கைக் கடைசிவரை அழுத்திச் செருகி, பிறகு இயக்குங்கள். செட் பதில் தரவில்லை என்று சிர்ப் சொன்னால், பத்தில் எட்டு முறை பிளக் அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். முதல் வேலை டவுன்லோடு, அதாவது செட்டில் உள்ளதைக் கணினிக்கு எடுப்பது. வந்த கோப்பை வேறு பெயரில் சேமித்துத் தொடாமல் வையுங்கள். இன்னொருவர் செட்டின் கோப்பை அப்படியே உங்கள் செட்டில் ஏற்றாதீர்கள், ஃபர்ம்வேர் (செட்டின் உள் மென்பொருள்) வேறாக இருந்தால் செட் கிறுக்குத்தனம் செய்யும். இரண்டு கோப்பையும் திறந்து சேனல் வரிகளை மட்டும் நகலெடுத்து ஒட்டுங்கள். டோன் மோட் என்ற இடத்தில் "டோன்" என்றால் பேசும்போது மட்டும். "டிஎஸ்கியூஎல்" என்றால் கேட்கும்போதும் காவல். கேட்க மட்டும் வேண்டிய சேனலுக்கு டூப்ளெக்ஸ் (ஆஃப்செட் திசை) என்ற இடத்தை "ஆஃப்" என்று வையுங்கள். பிடிடி தவறி அழுந்தினாலும் ஒன்றும் போகாது.

கை பழகிய பிறகு சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரை ஏற்றிப் பாருங்கள். பேசுவது 145.990, டோன் 67.0, கேட்பது 437.800. டூப்ளெக்ஸ் "ஸ்பிளிட்", ஆஃப்செட் இடத்தில் 145.990. நிலையம் விரைந்து வருவதால் டாப்ளர் விளைவில் கேட்கும் அலைவரிசை சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் வரை நகரும். ஆகவே 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்து சேனல்கள். பேசும் அலைவரிசையும் டோனும் ஐந்திலும் அதேதான். வரும்போது மேலேயிருந்து தொடங்கி, தலைக்கு மேல் கடக்கும்போது நடுவுக்கு, போகும்போது கீழே இறங்குங்கள். நல்ல கடப்பு ஒன்றுக்குப் பத்து நிமிடம்தான். அலைவரிசை மாறியிருக்கலாம், ரிப்பீட்டர் அணைந்தும் இருக்கலாம். ஆகவே முதலில் கேளுங்கள். இந்தச் செட்டில் பேசிக்கொண்டே கேட்க முடியாது. உங்கள் குரல் போய்ச் சேர்ந்ததா என்பதை மறுமுனையிலிருந்து பதில் வந்தால்தான் அறியலாம். கால்சைனைச் சொல்லிப் பிடிடியை விட்டுவிடுங்கள்.