கியோட்டோவின் பழைய மச்சியா வீட்டில் தங்குவது எப்படி? டெல்டாக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணம், திருவையாறு, மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் கியோட்டோவின் மச்சியா வீடு பார்த்ததுமே பிடிபட்டுவிடும். தெருப்பக்கம் குறுகல், உள்ளே நீளம். வாசலிலிருந்து பின்கட்டு வரை ஓரமாக ஒரு நடை. நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு சின்ன முற்றம். மரத்தால் 1950க்கு முன் கட்டிய வீடுகளைத்தான் கியோட்டோ மாநகராட்சி மச்சியா என்று கணக்கில் எடுக்கிறது. 2016இல் எடுத்த கணக்கில் சுமார் 40,000 வீடுகள் மிஞ்சியிருந்தன. இடிபட்டுப் போகாமல் இருக்க, பலவற்றைச் செப்பனிட்டு விடுதியாக்கி இருக்கிறார்கள்.

அமைப்பு ஒத்துப்போனாலும் கட்டிய பொருள் வேறு. நம் வீடு செங்கல், சுண்ணாம்பு, சிவப்புத் தரை. அது மரம், மண்சுவர், காகிதம், கோரை. நாம் அன்றாடம் யோசிக்காமல் புழங்குகிற தண்ணீர், எண்ணெய், புகை மூன்றுமே அந்த வீட்டுக்கு ஆகாது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி விதிகளை யாரும் சொல்லாமலே நீங்கள் கடைப்பிடிப்பீர்கள். மீதிப் பாதி சாப்பாடு. அதை இங்கிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

எந்த வகை, எந்த மாதம்

மச்சியா விடுதியில் இரண்டு வகை உண்டு. ஒன்று ரியோகான்: வீட்டுக்காரர்களோ பணியாளர்களோ கூடவே இருப்பார்கள், படுக்கை போட்டுத் தருவார்கள், இரவு உணவும் காலை உணவும் பெரும்பாலும் வாடகையில் அடங்கும். இன்னொன்று முழு வீட்டை வாடகைக்கு விடுவது: சாவியை வாங்கிக்கொண்டு நீங்களே புழங்க வேண்டியதுதான், சமையலறையும் இருக்கும். சைவக் குடும்பம், பாட்டி தாத்தா, சின்னக் குழந்தைகள் என்று 5, 6 பேர் போவதாக இருந்தால் முழு வீடுதான் தோதுப்படும். தம்பதியாக இருவர் மட்டும் போனால் ஒரே ஓர் இரவாவது ரியோகானில் தங்குங்கள். அந்த உபசரிப்பு முழு வீட்டில் கிடைக்காது.

ரியோகானில் வாடகை அறைக்கு அல்ல, ஆளுக்கு. இரண்டு பேர் என்று பதிந்துவிட்டு மூன்றாவது ஆளை வாசலில் சேர்த்துக்கொள்ள முடியாது. அறையின் அளவை சதுர அடியில் சொல்ல மாட்டார்கள், தத்தாமிப் பாய்களின் எண்ணிக்கையில் சொல்வார்கள். கியோட்டோ அளவில் ஒரு தத்தாமி ஏறக்குறைய 191 செ.மீ. நீளம், 95.5 செ.மீ. அகலம். 6 தத்தாமி அறை என்றால் சுமார் 118 சதுர அடி. இருவருக்குத் தாராளம். மூன்று படுக்கை விரித்தால் பெட்டிகளுக்கு இடம் இருக்காது.

சம்பா அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் தை, மாசி மாதங்களில் போகலாம் என்று பலர் நினைப்பார்கள். கியோட்டோவில் கடுங்குளிர் அப்போதுதான், இரவில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். கோடைக்காகக் காற்றோட்டம் பார்த்துக் கட்டிய வீடு என்பதால் தரையிடுக்கெல்லாம் குளிர் ஏறும். அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால், தரைச் சூடேற்றி உள்ள வீடா என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள். பள்ளி விடுமுறையில் போகிறவர்களுக்கு மே இரண்டாம் வாரத்துக்குப் பிறகு நல்ல காலம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியர்களுக்கே தொடர் விடுமுறை, அப்போது வாடகை ஏறிக்கிடக்கும். ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும்.

பதியும்போதே கேட்க வேண்டியவை இன்னும் சில. கழிப்பறை அறைக்குள்ளா, பொதுவா? படுக்கையறை மாடியிலா? மச்சியா மாடிப்படி ஏணி போலச் செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ராத்திரி இறங்கி ஏற முடியாது. அவர்களுக்குக் கீழ்த்தளத்து அறையும், கட்டிலும், உட்கார நாற்காலியும் உள்ள வீடாகத் தேடுங்கள். செப்பனிட்ட பல வீடுகளில் கட்டில் இருக்கிறது. முழு வீடு என்றால் உரிம எண் விளம்பரத்தில் இருக்கிறதா, பொறுப்பாளர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்றும் பாருங்கள்.

வாடகை போகத் தங்கும் வரி தனி. 2026 மார்ச் 1 முதல் ஆளுக்கு ஓர் இரவுக்கு, சாப்பாடு நீங்கலான வாடகை 6,000 யென்னுக்குக் கீழ் என்றால் 200 யென், 20,000க்குக் கீழ் 400, 50,000க்குக் கீழ் 1,000, ஒரு லட்சத்துக்குக் கீழ் 4,000, அதற்கு மேல் 10,000. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

சாப்பாடு

‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மீன் துண்டு தட்டில் இருக்காது, ஆனால் மீன் சாறு எல்லாவற்றிலும் இருக்கும். ஜப்பானியச் சமையலின் அடித்தளமே தாஷி என்னும் சாறு. கொம்பு என்ற கடற்பாசியையும், கட்சுவோ என்ற மீனை உலர்த்திச் சீவிய துருவலையும் சேர்த்துத்தான் பெரும்பாலும் அதை இறக்குவார்கள். மிசோ சூப், வேகவைத்த காய்கறி, கீரை, முட்டைப் பதார்த்தம், நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அது உண்டு. யுதோஃபு என்ற வெந்நீர் டோஃபுவை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டியில் டோஃபுவும் தண்ணீரும் ஒரு துண்டு கொம்பும்தான், சுத்த சைவம். ஆனால் பக்கத்தில் வைக்கும் சின்னக் கிண்ணத்துச் சாற்றில் கட்சுவோ இருக்கும். அதை விட்டுவிட்டு வெறும் சோயா சாஸ் கேட்டுவாங்க வேண்டும்.

ஆகவே பதிவோடு சேர்த்து இப்படி எழுதுங்கள், போனிலும் சொல்லுங்கள்: “நிக்கு, சகானா, தமாகோ வா தபேமசென். கட்சுவோ நோ தாஷி மோ தபேமசென். கொம்பு தோ ஷியிதாகே நோ தாஷி வா தைஜோபு தெஸ்.” இறைச்சி, மீன், முட்டை சாப்பிட மாட்டோம், கட்சுவோ சாறும் ஆகாது, கொம்பும் காளானும் போட்ட சாறு பரவாயில்லை என்று பொருள். சில ரியோகான்கள் முடியாது என்று சொல்லிவிடும். அது அவமரியாதை இல்லை, அரைகுறையாகச் செய்து பரிமாற விரும்பாத நேர்மை. அங்கே சாப்பாடு இல்லாத வாடகைக்குப் பதிந்துவிட்டு, மதியத்தில் ஷோஜின் ரியோரி என்ற பௌத்த மடத்துச் சமையலைத் தேடிப் போங்கள். மீன் சாறு மட்டுமல்ல, மரபுப்படி வெங்காயம், பூண்டும் சேர்க்க மாட்டார்கள். தென்ரியூஜி கோயில் வளாகத்தில் உள்ள ஷிகெட்சு, தைத்தோகுஜி வளாகத்தில் உள்ள இசுசென் இரண்டும் இதற்குப் பெயர் பெற்றவை. இரவில் அங்கே போய் நிற்காதீர்கள், மதியச் சாப்பாடுதான்.

முழு வீட்டில் சமையலறை இருந்தாலும் தாளிக்காதீர்கள். கடுகு, பெருங்காயம், மிளகாய் வற்றல் போட்டுத் தாளித்த புகை ஷோஜி என்ற காகிதக் கதவுகளிலும் பாயிலும் ஏறினால் நாள்கணக்கில் போகாது. அடுத்து வருகிறவருக்காக வீட்டைத் திறந்துபோட்டு ஆறவிட வேண்டியிருக்கும், அதற்கான செலவு உங்கள் தலையில் விழலாம். அதற்கு அவசியமும் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் 200 கிராம் வெறுஞ்சோறு பொட்டலமாகக் கிடைக்கிறது, மைக்ரோவேவில் 2 நிமிடம். சர்க்கரை சேர்க்காத தயிரும் கிடைக்கிறது. கையோடு கொண்டுபோன புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, நாரத்தங்காய் ஊறுகாய் இருந்தால் ஒரு வேளை சிரமமில்லாமல் கழியும். சோறு நம் பொன்னி அரிசி போல உதிராது, ஒட்டும். தயிர்சாதத்துக்கு அது வசதி. பொடி வகைகளைக் கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக வாங்குங்கள். வெற்றிலை, கறிவேப்பிலை, வாழைப்பழம், காய் எதையும் கொண்டுபோகக் கூடாது, தாவரப் பரிசோதனையில் பறித்துக்கொள்வார்கள். அரிசி மூட்டையும் வேண்டாம்.

மின்சாரம் அங்கே 100 வோல்ட், பிளக் தட்டையான இரட்டைக் கம்பி. போன், லேப்டாப் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும். இங்கிருந்து கொண்டுபோகும் கெட்டிலும் குக்கரும் அங்கே சரியாகச் சூடேறாது. அடுப்பு இண்டக்‌ஷன் என்றால் அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேலை செய்யும்.

வாசலும் தத்தாமியும்

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் மாறி, ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் இறங்குவது நமக்கு வசதி. அங்கிருந்து ஹருகா ரயிலில் கியோட்டோவுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பெரிய பெட்டிகளை விமான நிலையத்திலேயே கூரியரில் போட்டால் மறுநாள் விடுதிக்கு வந்து சேரும். ஆனால் ஆளில்லாத முழு வீட்டுக்கு அனுப்பினால் வாங்க ஆளிருக்காது, முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அறை கிடைப்பது பெரும்பாலும் மதியம் 3 அல்லது 4 மணிக்கு. பாஸ்போர்ட்டைப் பிரதி எடுப்பார்கள், அது சட்டம்.

வாசலில் தாழ்ந்த கல்தரையும் அதையடுத்து உயர்ந்த பலகைத் தரையும் இருக்கும். கல்தரையில் செருப்பைக் கழற்றிய கால் அதே கல்லை மிதிக்காமல் நேரே பலகைக்கு ஏற வேண்டும். பிறகு குனிந்து செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி வையுங்கள். நம் வழக்கப்படி கால் அலம்பிவிட்டு ஏற அங்கே தண்ணீர் இருக்காது. நாள் முழுக்க நடந்த காலோடு பாயை மிதிப்பதைவிடச் சுத்தமான காலுறையை மாற்றிக்கொண்டு ஏறுவது நல்லது. ஒவ்வொருவரும் கைப்பையில் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

பலகைத் தரையில் ஸ்லிப்பர் போடலாம், தத்தாமியில் கூடாது. பெட்டிச் சக்கரத்தை அதன்மேல் உருட்டவும் கூடாது. வைக்கோலைச் சுமார் 5 செ.மீ. கனத்துக்கு இறுக்கி, மேலே கோரை நெசவு போர்த்திய பாய் அது. சக்கரம் ஓடினால் நெசவு அறுந்துவிடும், ஈரம் இறங்கினால் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் கொட்டினால் தேய்க்காமல் உலர்ந்த துண்டால் அழுத்தி எடுத்துவிட்டு, ஏசியை உலர்த்தும் நிலையில் ஓட விடுங்கள். எண்ணெயோ ஊறுகாயோ சிந்தினால் ஈரத்துணியைத் தொடாதீர்கள், அது கறையை உள்ளே தள்ளும். மாவோ டால்கம் பவுடரோ தூவி, ஊறியதும் நெசவின் போக்கிலேயே துடைத்தெடுத்துவிட்டு உடனே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டுப் போனால் அவர்களுக்குப் பாயே வீணாகும்.

சுவரில் குழிவாக, ஒரு சுருள் படமும் பூவும் வைத்த இடம் இருக்கும். அது தோக்கோனோமா, வீட்டின் மரியாதையான இடம். அலமாரி என்று நினைத்துப் பெட்டியை வைப்பது அடிக்கடி நடக்கிற தவறு. ஷோஜிக் கதவுகளில் காகிதத்தைத் தொடாமல் சட்டத்தைப் பிடித்து நகர்த்துங்கள். நிலைப்படி உயரம் சுமார் 175 செ.மீ.தான், நெடியவர்கள் குனிய வேண்டும்.

விளக்கேற்றுவது, கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் கூடாது. மரவீடு, புகை உணரி அலறும். பாட்டி சாயங்காலம் விளக்கேற்றாமல் இருக்க மாட்டார் என்றால் பேட்டரி விளக்கு ஒன்றைக் கொண்டுபோங்கள். விபூதி, குங்குமத்தைக் குளியலறைக் கண்ணாடி முன் இட்டுக்கொள்வது நல்லது, பாய் நெசவில் விழுந்தால் எடுப்பது கஷ்டம்.

குளியல்

தொட்டி குளிப்பதற்கு இல்லை, குளித்துவிட்டு ஊறுவதற்கு. குளியலறையில் தாழ்ந்த முக்காலியும் கைக்குடமும் ஷவரும் இருக்கும். முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டுத் தேய்த்துக் குளித்து, நுரை ஒரு துளி இல்லாமல் அலசுங்கள். தலைமுடியைத் தூக்கிக் கட்டுங்கள். அதற்குப் பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக்கூடாது. தண்ணீர் 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும், முதலில் காலை மட்டும் விட்டுப் பாருங்கள். 10 நிமிடம் போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதற்கும் முன்பே எழுந்துவிடலாம், மெதுவாக எழ வேண்டும். அதே தண்ணீரில்தான் அடுத்தவரும் இறங்குவார். ஆகவே அடைப்பானைப் பிடுங்காமல், மேல்மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள்.

எண்ணெய்க் குளியல் கண்டிப்பாக வேண்டாம், தீபாவளி விடுமுறையில் போனாலும். எண்ணெய் தண்ணீரில் மிதந்து அடுத்தவர் மேல் ஒட்டும். ஹினோக்கி மரத்தொட்டியாக இருந்தால் மரமே உறிஞ்சிக் கறுத்துவிடும். தினமும் தேங்காயெண்ணெய் தடவுகிறவர்கள் தலையணைமேல் சொந்தத் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பூசுவதும் அங்கே வேண்டாம்.

கழிப்பறை தனி, அதற்கென்று தனி ஸ்லிப்பரும் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டே அறைக்கு வந்துவிடுவது எல்லாரும் செய்கிற பிழை. கழுவிக்கொள்ள இருக்கையிலேயே நீர்ப்பீச்சு இருக்கும், குவளை தேவையில்லை. தரையில் வடிகால் கிடையாது, கீழே பெரும்பாலும் மரம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கீழே இறங்கிவிடும்.

ராத்திரி

குளித்ததும் யுகாத்தா என்ற பருத்தி அங்கியை உடுத்தலாம். இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும், வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்குச் சுற்றும் முறை. ரியோகானில் நீங்கள் சாப்பிடும் நேரத்தில் ஃபுட்டான் என்ற தரைப்படுக்கையை விரித்துவிடுவார்கள். முழு வீட்டில் சுவர் அலமாரியிலிருந்து நீங்களே எடுத்து, மெத்தை, விரிப்பு, போர்வை என்று போட வேண்டும். காலையில் எழுந்ததும் சுருட்டி அலமாரியில் திணிக்காதீர்கள். இரவு வியர்வையின் ஈரம் அடியில் தங்கியிருக்கும், மூடி வைத்தால் பூஞ்சை வாடை வரும். மூன்றாக மடித்து அறை ஓரத்தில் காற்றாட விடுங்கள்.

சுவர் மெல்லியது, பக்கத்து வீடு ஒட்டினாற்போல் இருக்கும். 10 மணிக்குமேல் பேச்சு கூடத்தோடு நிற்க வேண்டும். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். ஊரில் இரவு 9 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வீடியோ காலில் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு 12.30. சாயங்காலம் 5 மணிக்குள் கூப்பிடச் சொல்லி வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கிளம்பும் நேரம் பெரும்பாலும் காலை 10 மணி. முழு வீட்டில் குப்பையை எரியக்கூடியது, பிளாஸ்டிக், பாட்டிலும் டின்னும் என்று பிரித்து, வீட்டில் எழுதி வைத்திருக்கும்படி அந்தந்தப் பையில் போட வேண்டும். மிச்சமான ஊறுகாய் எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாமல் காகிதத்தில் ஊறவைத்து எரியும் குப்பையில் சேருங்கள். பெட்டியை வாசலுக்கு உருட்டாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்.