பழைய கப்பல் படம் வாங்கப் போகிறீர்களா? ஃபிரேமை விட்டுத் தாளைப் பாருங்கள்

தங்கப்பூச்சு மங்கிய ஃபிரேம், அலையில் சாய்ந்து நிற்கும் போர்க்கப்பல், அடியில் சுழித்து எழுதிய எழுத்துகள். பழங்காலத்து என்கிரேவிங், அதாவது செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம், என்கிறார் விற்பவர். இருக்கலாம். ஆனால் ஃபிரேமின் வயதுதான் படத்தின் வயது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புதுப் படத்தைப் பழைய ஃபிரேமில் போடுவதும் உண்டு, பழைய படத்துக்குப் புது ஃபிரேம் போடுவதும் உண்டு. நீங்கள் காசு கொடுப்பது உள்ளே இருக்கும் தாளுக்கு.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு சின்ன டார்ச், ஒரு ஸ்கேல், இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

1. அடிவரியைப் படியுங்கள்

படத்துக்குக் கீழே இடது ஓரத்தில் ஒரு பெயரும் வலது ஓரத்தில் ஒரு பெயரும் பொடியாக இருக்கும். பெயரை அடுத்து வரும் லத்தீன் சொல்லைக் கவனியுங்கள். 'பிங்க்ஸிட்' என்றால் ஓவியத்தைத் தீட்டியவர், 'டெலினியாவிட்' என்றால் வரைந்தவர், 'ஸ்கல்ப்ஸிட்' என்றால் தகட்டில் செதுக்கியவர். பெரும்பாலும் சுருக்கித்தான் போட்டிருப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கடல் படங்களில் ராபர்ட் டாட் போன்ற சிலர் ஓவியத்தையும் தகட்டு வேலையையும் தாங்களே செய்தார்கள்.

இன்னும் கீழே வெளியீட்டாளர் பெயரும் தேதியும் வரும். பிரிட்டனில் 1735-இல் வந்த செதுக்குப்படக் காப்புரிமைச் சட்டம் இவற்றைத் தகட்டிலேயே பொறிக்கச் சொன்னது. ஆனால் அந்தத் தேதி படம் முதலில் வெளியான நாளைத்தான் சொல்லும், உங்கள் கையில் இருக்கும் தாள் அச்சான நாளை அல்ல. செப்புத் தகடு கைமாறிப் பல வருடம் கழித்தும் அச்சாகும்.

அதனால் அடுத்து வானத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் தகடு கொஞ்சம் தேயும், மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும். மேகத்தின் நிழல், தொலைவில் நிற்கும் கப்பலின் கயிறுகள் எல்லாம் தெளிவாக இருந்தால் தகடு புதிதாக இருந்தபோது எடுத்த பிரதி. கப்பல் மட்டும் கறுப்பாக நின்று வானம் வெளிறிக் கிடந்தால் பிந்தையது. இரண்டும் அசல்தான், விலை ஒன்றாக இருக்கக் கூடாது.

2. பாய்மரக் கயிற்றில் லென்ஸை வையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. லென்ஸைக் கண்ணாடிமேல் வைத்து ஒரே ஒரு கயிற்றைப் பின்தொடருங்கள். உளியால் கீறிய கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, ஊசி முனைபோல் முடியும். மை அடர்த்தியாக, முழுக் கறுப்பாக இருக்கும். அலையின் வளைவில் இப்படி நூறு கோடுகள் ஒன்றை ஒன்று தொடாமல் ஓடுவதைப் பார்த்தால் லென்ஸை எடுக்க மனம் வராது.

கோட்டுக்குப் பதில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால், அது புகைப்பட முறையில் அச்சான பிற்காலப் பிரதி. ஒழுங்கில்லாத பொடி மணல்போல் தெரிந்தால் அக்வாடின்ட் (தகட்டை அமிலத்தால் அரித்து நிழல் கொண்டுவரும் முறை) ஆகவோ லித்தோகிராஃபாகவோ (கல்லில் வரைந்து அச்சிடும் முறை) இருக்கலாம். அவையும் மதிப்புள்ள பழைய முறைகளே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டி. ஜி. டட்டன் வரைந்த கப்பல் படங்கள் லித்தோகிராஃப்தான், சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். பெயரைச் சரியாகச் சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

3. தகட்டின் தடம்

ஈரத்தாளைத் தகட்டின்மேல் வைத்து அழுத்துவதால் படத்தைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு பள்ளம் விழும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இதை மட்டும் நம்பிவிட வேண்டாம். புகைப்படத்தைத் தகட்டில் பதித்து அச்சிடும் போட்டோகிராவ்யூரிலும் இந்தத் தடம் விழும், பொய்யாகவும் அழுத்தி வைக்கலாம். தடம் தெரியவே இல்லை என்றால், ஓரத்தை வெட்டிவிட்டார்களா என்று கேளுங்கள்.

நான் முதலில் வாங்கிய படத்தில் இதைத்தான் கேட்காமல் விட்டேன். படத்தைச் சுற்றி வைக்கும் மவுன்ட் அட்டை அழகாக நான்கு பக்கமும் மூடியிருந்தது. வீட்டில் பிரித்துப் பார்த்தபோது அடிவரியே இல்லை. அதை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை டேப் போட்டு அட்டையில் ஒட்டியிருந்தார்கள். இப்போதெல்லாம் அட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டச் சொல்லாமல் காசை எடுப்பதில்லை.

4. பிரித்துக் காட்டினால்

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தாள் செய்யும்போதே அதில் பதியும் அடையாளமான நீர்க்குறி தெரியலாம். வாட்மன் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளரின் தாள்களில் 1794 முதல் வருடமும் சேர்ந்தே வரும். அடிவரியில் 1782 என்றும் நீர்க்குறியில் 1811 என்றும் இருந்தால், பழைய தகட்டில் பிறகு எடுத்த பிரதி என்று அங்கேயே தெரிந்துவிடும். தாள் பிறப்பதற்கு முன் அதில் அச்சு விழ முடியாதே!

அப்புறம் கறைகள். பழுப்புப் புள்ளிகள் கொஞ்சம் இருந்தால் பயப்பட வேண்டாம். அட்டையின் விளிம்பை ஒட்டிப் பழுப்புக் கோடு இருந்தால் அமிலம் ஏறிய மலிவான அட்டை தாளைச் சுட்டிருக்கிறது. பின்னால் மரப்பலகை நேரடியாகத் தொட்டிருந்தால், பலகையின் வரிகள்கூட முதுகில் பதிந்திருக்கும். தாள் முழுவதும் அட்டையில் ஒட்டப்பட்டிருந்தால் விலையைக் கணிசமாகக் குறைத்துக் கேளுங்கள்.

வண்ணம் இருந்தால், பிற்காலத்தில் பூசியதா என்று கேளுங்கள். கொடியையும் பாருங்கள்: பிரிட்டிஷ் கொடியில் மூலைக்கு மூலை சாய்வாக ஓடும் சிவப்புப் பட்டை 1801-இல்தான் சேர்ந்தது. 1780களின் கப்பலில் அந்தப் பட்டை இருந்தால், வண்ணம் பூசியவர் பிற்காலத்தவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

5. வாங்கிய பிறகு

முறை, பிரதி எந்தக் காலத்தது, ஓரம் வெட்டியதா, வண்ணம் எப்போதையது, இந்த நான்கையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். மறு ஃபிரேம் போடும்போது அமிலமில்லாத அட்டை, ஜப்பானியத் தாளில் கீல் (படத்தை அட்டையில் பிடித்துவைக்கும் சிறு தாள் துண்டு), கோதுமைக் கஞ்சிப் பசை கேளுங்கள். தாள் கண்ணாடியைத் தொடக் கூடாது. வெயில் படாத, ஈரமில்லாத சுவரில் மாட்டுங்கள். பழைய ஃபிரேமின் பின்புறம் கடைச் சீட்டு ஏதாவது ஒட்டியிருந்தால் கிழித்துப் போடாமல் உறையில் போட்டுப் புது ஃபிரேமின் பின்னால் வைத்துவிடுங்கள்.