வாஷிங்டன் மாநிலத்தில் ஹைஸ்கூல் முடிக்க எத்தனை வழி?

என் மகள் பத்தாம் வகுப்பில் எழுதிய மாநிலத் தேர்வின் முடிவு வந்த அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கணிதத்துக்கு நேரே ‘லெவல் 2’ என்று போட்டிருந்தது. பொதுத்தேர்வு எழுதி வளர்ந்த எங்களுக்கு அது ஃபெயில் என்றே பட்டது. அப்படி இல்லை என்று தெரிய இரண்டு வாரம் ஆனது. வாஷிங்டன் மாநில அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் வேறு யாரும் அப்படித் தவிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: இரண்டு கணக்கையும் பிரித்துப் பாருங்கள்

டிப்ளமாவுக்கு, அதாவது ஹைஸ்கூல் முடித்ததற்கான சான்றிதழுக்கு, 24 கிரெடிட் வேண்டும். ஒரு வருடம் முழுக்கப் படித்துத் தேறும் பாடம் 1 கிரெடிட். ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 3, சமூக அறிவியல் 3, கலை 2, உடல்நலமும் உடற்பயிற்சியும் 2, தொழிற்கல்வி 1, உலக மொழி 2, விருப்பப் பாடங்கள் 4. இது ஒரு கணக்கு.

இன்னொன்று ‘கிராஜுவேஷன் பாத்வே’. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளை என்ன செய்யப் போகிறதோ அதற்குத் தயார் என்று காட்டும் ஒரு சான்று. 2019-இல் வந்த சட்டம் இது. கிரெடிட் நிறைந்து பாத்வே இல்லாமலும் போகலாம், பாத்வே முடிந்து கிரெடிட் குறையவும் செய்யலாம். கவுன்சிலரிடம் (பள்ளியில் வழிகாட்டும் ஆலோசகர்) டிரான்ஸ்கிரிப்டை (படித்த பாடங்கள், கிரேடுகளின் பட்டியல்) வாங்கி, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வருடம் ஒரு முறை இரண்டையும் சரிபாருங்கள்.

படி 2: மாநிலத் தேர்வில் லெவலைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

பாத்வேக்குத் தேவையான மதிப்பெண் ஆங்கிலத்தில் 2548, கணிதத்தில் 2595. இரண்டுமே லெவல் 2-க்குள் வருபவை. கவுன்சிலர் என் மகளின் தாளை வாங்கி, பேனாவால் ஓர் எண்ணுக்கு அடியில் கோடு போட்டார்: 2601. அவள் எப்போதோ தேறிவிட்டாள்!

படி 3: எண் எட்டவில்லையா? வேறு கதவு தட்டுங்கள்

ஆங்கிலத்துக்கு ஒரு வழி, கணிதத்துக்கு வேறு வழி என்று கலந்தும் முடிக்கலாம். ஏபி என்ற கல்லூரித் தரப் பாடத்தில் சி பிளஸ் கிரேடு, அல்லது ஏபி தேர்வில் 3 போதும். கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி, ஏசிடி தேர்வுகளின் மதிப்பெண்களும் செல்லும். ‘பிரிட்ஜ் டு காலேஜ்’ என்ற பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் தேறினாலும் போதும். தேர்வு என்றாலே கை நடுங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான், ஏனென்றால் ஒரு நாளில் எழுதுவதை வைத்து அல்ல, வருடம் முழுக்கச் செய்யும் வேலையை வைத்து மதிப்பிடுகிறார்கள்.

தொழிற்கல்விப் பாடங்களைத் தொடராகப் படித்து முடிப்பது இன்னொரு பாத்வே. நம்மவர்கள் இதைக் கீழாகப் பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது. சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. ராணுவத்துக்கான அஸ்வாப் தேர்வும் உண்டு. அதை எழுதினால் ராணுவத்தில் சேர்ந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

அப்புறம், ரன்னிங் ஸ்டார்ட். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சமுதாயக் கல்லூரியில் (கம்யூனிட்டி காலேஜ்) படிக்கலாம். டியூஷன் கட்டணம் இல்லை. புத்தகம், பஸ் செலவு, சில சில்லறைக் கட்டணங்கள் நம் கையிலிருந்து. கல்லூரியின் 5 கிரெடிட் பள்ளியின் 1 கிரெடிட்டுக்குச் சமம். பள்ளியில் ஒரு வருடம் போகும் பாடம் அங்கே ஒரே குவார்ட்டரில் (சுமார் மூன்று மாதப் பருவம்) முடியும், அதனால் கிரெடிட் பின்தங்கியவர்களுக்கும் இது நல்ல வழி.

படி 4: தமிழிலிருந்து கிரெடிட் எடுங்கள்

வீட்டில் பேசும் மொழியைத் தேர்வெழுதி நிரூபித்தால் உலக மொழிக் கிரெடிட் கிடைக்கும், 4 வரை. அதில் 2 மொழிக்குப் போக, மீதி விருப்பப் பாடக் கணக்கில் சேரும். தமிழுக்கும் தேர்வு இருக்கிறது. பேச வேண்டும், எழுதவும் வேண்டும். என் மகள் பாட்டியோடு மணிக்கணக்கில் பேசுவாள், ஆனால் கணினியில் ‘ழ’ எங்கே இருக்கிறது என்று தெரியாது. தினமும் இரவு பாட்டிக்கு நாலு வரி தமிழில் தட்டி அனுப்பச் சொன்னேன். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. உங்கள் பள்ளி மாவட்டத்தில் (அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தேர்வு எப்போது என்று முன்கூட்டியே கேளுங்கள், கடைசி வருடம் வரை தள்ளாதீர்கள்.

படி 5: அப்படியும் கிரெடிட் குறைந்தால்

நோய், இடமாற்றம் போன்ற சூழ்நிலை இருந்தால், மையப் பாடங்கள் அல்லாதவற்றில் 2 கிரெடிட் வரை பள்ளி மாவட்டம் விலக்கு தரலாம். தானாகத் தரமாட்டார்கள், எழுதிக் கேட்க வேண்டும்.

வயது 18 ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். 21 வரை அரசுப் பள்ளியில் படிக்கலாம். பள்ளிக்குத் திரும்ப மனமில்லாத 16 முதல் 21 வயதுப் பிள்ளைகளுக்கு ‘ஓப்பன் டோர்ஸ்’ என்ற திட்டம் இருக்கிறது. பள்ளியை முடிக்காதவர்கள் எழுதும் ஜிஇடி நான்கு தேர்வு, ஒவ்வொன்றிலும் 145 வேண்டும், ஆனால் கிடைப்பது சமநிலைச் சான்றிதழ்தான். டிப்ளமாவே வேண்டும் என்றால் சமுதாயக் கல்லூரியில் ‘ஹைஸ்கூல் பிளஸ்’ திட்டம் பற்றிக் கேளுங்கள். அங்கே பழைய டிரான்ஸ்கிரிப்டோடு வேலை பார்த்த அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.